அக்குவேரியம் ஆமையைக் களியோடையில் கொண்டுபோய் விடாதீர்கள்



பெருநாள் காசில் பிள்ளைகள் வாங்கும் சாமான்களில் இப்போது ஒரு உயிரும் சேர்ந்துவிட்டது. மீன் வாங்க அக்குவேரியம் கடைக்குப் போன பிள்ளை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள ஒரு சின்னப் பச்சை ஆமையோடு வீட்டுக்கு வருகிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கூடவே ஒரு டப்பாவில் காய்ந்த கூனி. "இதப் போட்டாக் காணும், வேற ஒண்டும் செய்யத் தேவல்ல" என்று கடையில் சொல்லி அனுப்புகிறார்கள். நாங்கள் இதை எழுதுவது அந்த "ஒண்டும் செய்யத் தேவல்ல" என்ற சொல்லுக்கு எதிராகத்தான்.

எங்கள் வீட்டிலும் இப்போது ஒன்று இருக்கிறது. வாங்கியதல்ல. வெளிநாடு போகும் குடும்பம் ஒன்று, "நீங்க எடுக்காட்டி களியோடப் பாலத்தடியில விட்டுட்டுப் போவம்" என்று சொன்னதால் பொறுப்பெடுத்தோம். நாலு வருடமாக மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பேசனில் கிடந்திருக்கிறது. ஓட்டை விரலால் அமுக்கினால் உள்ளே போனது. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தரம் கூனி போட்டிருக்கிறார்கள். அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். அன்பு இருந்தும் ஓடு ஏன் பாயாக மெலிந்தது என்பதை ஊரில் ஆமை வைத்திருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், இது நமது நாட்டு ஆமையல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துப் பிராணி. சிவப்புக் காது ஆமை என்று சொல்வார்கள். பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிக்க வைத்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். நின்ஜா ஆமை கார்ட்டூன் வந்த காலத்தில் பல நாடுகளில் இதன் விற்பனை எகிறியது. கடையில் நாம் பார்ப்பது குஞ்சு. வளர்ந்தால் பெண் ஆமை 25 சென்ரிமீற்றருக்கும் மேலே போகும், சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒழுங்காகப் பார்த்தால் 20, 30 வருடம் இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை கலியாணம் முடித்த பிறகும் இது இருக்கும். வாங்கும்போது இதை ஒருவரும் சொல்வதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். அதிகமான ஆமைகள் கெட்டுப்போவது இதில்தான்.

காய்ந்த கூனி சாப்பாடு அல்ல. நமக்கு மிக்ஸர் மாதிரி. ருசிக்கு இடைக்கிடை ஒன்றிரண்டு போடலாம், அதையே மூன்று வேளைச் சோறாக்கினால் உடம்பு கெடும். கூனியையே தின்று வளரும் ஆமைக்கு விற்றமின் ஏ போதாமல் போகிறது. கண் வீங்கி மூடுவதற்கு முக்கியமான காரணம் அது. கண் தெரியாத ஆமை சாப்பாட்டைத் தேடாது. வீட்டுக்காரர் "தின்னுதில்ல" என்று நினைத்து விட்டுவிடுவார். அப்படியே முடிந்துவிடும். வெறும் இறைச்சித் துண்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் கல்சியம் மிகக் குறைவு. ஓடு என்பது எலும்பு. கல்சியம் இல்லாமல் எலும்பு எப்படி வளரும்?

அடிப்படைச் சாப்பாடாக ஆமைக்கென்றே விற்கும் பெலட் நல்லது. அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு: ஆமையின் தலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெலட் ஒரு வேளைக்குப் போதும். குஞ்சுக்கு நாளுக்கு ஒரு தரம். பெரிய ஆமைக்குக் கிழமையில் இரண்டு மூன்று தரம். மற்ற நாட்களில் இலை. குஞ்சாக இருக்கும்போது புழு, பூச்சி, சின்ன மீன் என்று மாமிசத்தையே அதிகம் தேடும். வளர வளர இலைதழைக்கு மாறும். கங்குன் இலையைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். கரட்டைத் துருவிப் போடுங்கள், பூசணியும் நல்லது, விற்றமின் ஏ அதில்தான் போகும். முதல் நாள் திரும்பியும் பார்க்காது. கூனிக்குப் பழகிய வாய். எங்களுடையது பதினொரு நாள் கங்குனை மிதித்துக்கொண்டு திரிந்தது, பன்னிரண்டாம் நாள்தான் ஒரு கடி கடித்தது. நமது பிள்ளைகளில் சோற்றுப் பீங்கானில் கீரையைக் கண்டால் ஓரமாக ஒதுக்குகிறவர்கள் இல்லையா?

பாண், பிஸ்கட், சோறு, கருவாடு, கறித்துண்டு எதுவும் வேண்டாம். உப்பும் கொச்சிக்காயும் நமக்கு. இன்னுமொன்று: ஆளைக் கண்டால் நீந்தி ஓடிவந்து வாயைத் திறக்கும். பசி என்று நினைத்துவிடாதீர்கள். அது எப்போதும் அப்படித்தான் செய்யும். மூத்தம்மா ஒருக்கா, பிள்ளை ஒருக்கா, வந்த விருந்தாளி ஒருக்கா என்று போட்டால் கொழுத்துப்போய்க் காலை உள்ளே இழுக்க முடியாமல் கிடக்கும். வீட்டில் ஒருவர் மட்டும் சாப்பாடு போடுவதென்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைத் தண்ணீருக்குள்தான் கொடுக்க வேண்டும். தரையில் வைத்துக் கொடுத்தால் கவ்வும், விழுங்க முடியாது. தண்ணீரோடு சேர்த்துத்தான் இது விழுங்கும். வேறொரு பேசனில் தண்ணீர் விட்டு, அதில் தீன் போட்டு, தின்று முடிந்ததும் பழைய இடத்துக்கு மாற்றினால் தொட்டித் தண்ணீர் சீக்கிரம் நாறாது. புதிதாக வந்த ஆமை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். இடம் மாறியது அதற்கும் தெரியும். தூக்கித் தூக்கிப் பார்க்காமல், அயல்வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டாமல் கொஞ்சம் அமைதியாக விடுங்கள்.

கல்சியத்துக்கு நமது கரையோரத்து ஆட்களுக்குச் செலவே இல்லை. கணவாய் ஓடு. கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும், மீன் வெட்டும் இடத்தில் கேட்டால் சும்மா தருவார்கள். கழுவி, உப்புப் போக ஒரு நாள் ஊறவைத்து, பின்பக்கம் உள்ள கடினமான தகட்டை எடுத்துவிட்டு, நன்றாக வெயிலில் காயவைத்து ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் தேவையானபோது தானே கடித்துக்கொள்ளும். வெளிநாடுகளில் இதையே பெட்டியில் போட்டு விலைக்கு விற்கிறார்கள்.

ஆனால் கல்சியம் உடம்பில் சேருவதற்கு வெயில் வேண்டும். அந்த ஆமையின் ஓடு மெலிந்ததற்குக் கூனி பாதிக் காரணம் என்றால் மாடிப்படியின் கீழ் இருட்டு மற்றப் பாதி. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் விற்றமின் டி உண்டாகும். அது இல்லாமல் கல்சியத்தை எவ்வளவு கொடுத்தாலும் எலும்பில் சேராது. குளிர் நாட்டுக்காரர்கள் இதற்காகத் தனி விளக்கு வாங்கி மாட்டுகிறார்கள். யூடியூப்பில் அதைப் பார்த்துவிட்டு "அந்த லைட்டுக்கு எங்க போற" என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. அல்லாஹ் நமக்கு வருடம் முழுக்கச் சும்மா தந்திருப்பதை விட்டுவிட்டு விளக்குக்கு ஏன் அலைய வேண்டும்? காலை எட்டரை, ஒன்பது மணி வெயிலில் அரை மணித்தியாலம், கிழமையில் நாலைந்து நாள் வைத்தால் போதும். ஜன்னல் ஓரத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்துவிட்டு வெயில் படுகிறது என்று இருக்காதீர்கள். கண்ணாடி வெளிச்சத்தை விடும், நமக்குத் தேவையான கதிரைத் தடுத்துவிடும்.

வெயிலில் வைக்கும்போது மூன்று விடயம். பாதி இடம் நிழலாக இருக்க வேண்டும், வெக்கை கூடினால் அது தானாக ஒதுங்கும். ஆழமில்லாத பேசனில் நட்ட நடுப் பகல் வெயிலில் மறந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. மூன்றாவது, காகம். நமதூர்க் காகத்தைப் பற்றி விளக்கம் தேவையில்லை. மேலே ஒரு வலைத் துண்டு போடுங்கள்.

தொட்டிக்குள்ளும் ஏறி உடம்பு முழுக்கக் காய்வதற்கு ஒரு இடம் வேண்டும். இரண்டு செங்கல்லை வைத்து, சாய்வாக ஒரு பலகைத் துண்டு வைத்தால் முடிந்தது. நாள் முழுக்க நனைந்தே கிடந்தால் ஓட்டில் அழுகல் வரும். தண்ணீர் அதன் உடம்பு முழுக்க மூழ்கி, திரும்பி நீந்தும் ஆழத்துக்கு இருக்க வேண்டும். வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஓட்டின் நீளம் ஒரு அங்குலத்துக்கு 40 லீற்றர் தண்ணீர். 10 அங்குல ஆமைக்கு 400 லீற்றர். கண்ணாடித் தொட்டி வாங்க முடியாதவர்கள் வளவுக்குள் பழைய சீமெந்துத் தொட்டி இருந்தால் பாவிக்கலாம், எங்களுடையது அப்படித்தான்.

மூக்கில் குமிழி வந்தால், ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நெஞ்சுச் சளி என்று எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் போங்கள். கண் வீங்கினாலும் அப்படித்தான். விற்றமின் ஏ குறைவென்று தெரிந்துவிட்டதே என்று பார்மசியில் மனிதருக்கு விற்கும் மாத்திரையை வாங்கிக் கரைத்து ஊற்றாதீர்கள். அது அளவு கூடினால் நஞ்சு.

பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது சல்மொனெல்லா. பார்வைக்கு நல்ல சுகமாக இருக்கும் ஆமையின் உடம்பிலும் அது இருக்கும் தண்ணீரிலும் இந்தக் கிருமி இருக்கலாம். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, பிள்ளைக்குக் காய்ச்சலும் கடுமையான வயிற்றோட்டமும் வரும். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை 1975 இல் தடைசெய்ததே இதனால்தான். சின்ன ஆமையைப் பிள்ளைகள் வாயில் வைத்தார்கள். எனவே தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். ஆமைப் பேசனைக் குசினியில் பீங்கான் கழுவும் இடத்தில் கழுவவே கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயோதிபர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்ப இவ்வளவு கரைச்சல் எதுக்கு, ஆத்துல விட்டாப் போச்சே" என்று சொல்லும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களில் சிலர் ஹதீஸையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பூனையைக் கட்டிவைத்து, தீனும் போடாமல், பூமியில் உள்ளதைத் தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் கொன்றதற்காக நரகம் போன பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. "பாருங்க டீச்சர், தீன் போடு, இல்லாட்டி அவிழ்த்து விடு எண்டுதானே இருக்கு" என்று ஒருவர் எங்களிடமே வாதாடினார்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது மௌலவிமாரின் வேலை, எங்களுடையதல்ல. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்கச் சொல்கிறோம். அந்தப் பூனை அந்த ஊர்ப் பூனை. அவிழ்த்து விட்டால் அதற்குத் தெரிந்த மண், தெரிந்த இரை. விடுவதால் வேறெந்த உயிருக்கும் புதிதாக ஒரு தீங்கு வருவதில்லை. களியோடையில் விடும் மிசிசிப்பி ஆமையின் நிலை அப்படியா? நாலு வருடம் பேசனில் கிடந்து, கண் தெரியாமல், ஓடு மெலிந்து போனது ஆற்றில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? அது விடுதலை அல்ல, நமது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாகச் சொல்வது. நல்ல ஆரோக்கியமான ஆமையாக இருந்தால் வேறொரு பிரச்சினை. அது பிழைத்துக்கொள்ளும், நன்றாகவே பிழைத்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. ஐரோப்பாவில் இப்படித்தான் வளர்த்தவர்கள் குளங்களில் விட்டு, உள்ளூர் ஆமைகள் வெயில் காயும் இடத்தையும் இரையையும் இது பிடித்துக்கொண்டது. 1997 இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியையே நிறுத்தியது.

நமது குளத்திலும் வாய்க்காலிலும் இருப்பவை யார்? சிங்களத்தில் கிரி இப்பா என்று சொல்லும் பாலாமை. கல் இப்பா என்று சொல்லும் கறுப்பு ஆமை. வட்டைக்குள் மழை பெய்த மறுநாள் றோட்டைக் கடக்கும்போது நீங்கள் கண்டிருப்பீர்கள். இவை நமக்கு முன்பே இந்தத் தண்ணீரில் குடியிருப்பவை. தன்னால் பிறருக்குத் தீங்கு வரக்கூடாது என்று படித்து வளர்ந்த சமூகம் நாம். பறவைகளும் விலங்குகளும் உங்களைப் போன்ற சமுதாயங்கள்தான் என்ற கருத்துக் குர்ஆனில் இருப்பதை மேடையில் சொல்கிறோம். அந்தச் சமுதாயத்தின் வீட்டுக்குள் இன்னொன்றை அடித்து இறக்கிவிட்டு வருவதற்கு அதே மார்க்கத்தை ஆதாரம் காட்டலாமா?

ஆற்றில் விடுவதற்கு இன்னொரு காரணம் சொல்வார்கள், அதைக் கேட்கத்தான் எங்களுக்குக் கவலை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று யாரோ ஒரு மாமி வந்து சொல்லிவிட்டுப் போயிருப்பார். அடுத்த கிழமை வியாபாரத்தில் ஒரு நட்டம் வரும். பழி ஆமையின் தலையில். இன்னொரு பக்கம், ஆமை இருந்தால் பறக்கத்து என்று நினைத்து வாங்கிக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சகுனம் பார்ப்பது நமக்கில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆமையால் நல்லதும் வராது, கெட்டதும் வராது. நாறும் தண்ணீர்தான் வரும், மாற்றாவிட்டால்.

வளர்ப்பதே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அனஸ் (ரழி) அவர்களுடைய தம்பி அபூ உமைர் என்ற சிறு பிள்ளை ஒரு சின்னக் குருவி வைத்திருந்ததும், அதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடம் அன்பாக விசாரித்ததும் ஹதீஸில் இருக்கிறது. பிள்ளை ஒரு உயிரைப் பார்த்துக்கொள்வது நல்ல விடயம். வகுப்பில் எந்தப் பிள்ளையின் வீட்டில் ஆடு, கோழி இருக்கிறது என்று எங்களுக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். மழை வந்தால் முதலில் ஜன்னலைப் பார்ப்பது அந்தப் பிள்ளைதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் கையைக் கழுவ முடியாது. பிள்ளை தீன் போடட்டும், தண்ணீர் மாற்றுவதும் வைத்தியரிடம் கொண்டுபோவதும் வாப்பா உம்மாவின் வேலை. அதற்கு ஆயத்தமில்லை என்றால் பெருநாள் காசுக்கு ஒரு சைக்கிள் மணி வாங்கிக் கொடுங்கள்.

சிலர் காசு செலவழிக்காமல் வட்டையில் கண்ட ஆமையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பாலாமை, கறுப்பு ஆமை, தரையில் வாழும் நட்சத்திர ஆமை எல்லாமே வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. 1937 ஆம் ஆண்டுச் சட்டம், பின்னர் திருத்தங்களும் வந்துள்ளன. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். றோட்டில் கண்டால் அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குத் தூக்கி விட்டுவிட்டு வாருங்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். நட்சத்திர ஆமையை ஆமைதானே என்று குளத்தில் போடாதீர்கள், அதற்கு நீந்தத் தெரியாது, மூழ்கிவிடும். காயப்பட்டிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

கடைக்காரச் சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறோம். நீங்களும் நமது ஆட்கள், உங்கள் வருமானத்தில் மண் போடுவது எங்கள் நோக்கமல்ல. ஒரு சின்ன அட்டையில் நாலு வரி எழுதி ஆமைத் தொட்டிக்கு மேலே ஒட்டுங்கள்: 25 சென்ரிமீற்றர் வளரும், 20 வருடத்துக்கு மேல் இருக்கும், வெயில் தேவை, ஆற்றில் விடக்கூடாது. வியாபாரத்தில் பொருளின் குறையை மறைக்கக்கூடாது என்று நாம் படித்திருக்கிறோம். வளர்க்க முடியாமல் யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

வளர்க்க முடியாமல் போவது வெட்கப்படும் விடயமல்ல. வீடு மாறும், வேலை மாறும், வீட்டில் குழந்தை பிறக்கும். அப்படியானால் பாலத்தடிக்குப் போவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். எங்கள் சீமெந்துத் தொட்டியில் இன்னும் ஒன்றுக்கு இடம் இருக்கிறது, அதற்கு மேல் வந்தால் பொறுப்பான வேறு வீடு தேடிப் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ். இதை வாசிப்பவர்களில் வளவும் மனமும் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், ஒரு பட்டியல் வைத்துக்கொள்வோம்.

கணவாய் ஓடு தேவையானவர்கள் பை கொண்டு வாருங்கள். காயவைத்த ஓடு ஒரு சாக்கு கிடக்கிறது.